புவி வெப்பமாதல் சர்ச்சை (அமெரிக்கா)

மனிதச் செயல்களால் புவி வெப்பமாவது பெரும் ஆபத்தா என்ற கேள்வியில் அமெரிக்கப் பொதுமக்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிளவுபட்டிருக்கிறார்கள். 1988 ஜூன் 23 அன்று நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன், வெப்பமாதல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அடுத்த ஆண்டே எண்ணெய், நிலக்கரி, மோட்டார் தொழில்துறையினர் கூடி உலகக் காலநிலைக் கூட்டணியை அமைத்தனர். உமிழ்வுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து 2002 வரை அது பிரசாரம் செய்தது. நாளடைவில் கருத்து வேறுபாடு கட்சி அடையாளமாகவே இறுகியது. ஜனநாயகக் கட்சியினர் பெரும்பாலும் கவலைப்பட, குடியரசுக் கட்சியினர் பெரும்பாலும் ஐயப்பட்டனர். ஆய்வுலகில் இந்தப் பிளவு இல்லை. 1993 முதல் 2003 வரை வெளியான 928 ஆய்வுச் சுருக்கங்களைப் படித்த வரலாற்றாசிரியர் நவோமி ஒரெஸ்கெஸ், மனிதச் செயல்களால் புவி வெப்பமாகிறது என்ற அறிவியலாளர்களின் பொதுக் கருத்தை மறுக்கும் ஒன்றைக்கூடக் காணவில்லை என்று 2004இல் எழுதினார். எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் சொந்த விஞ்ஞானிகளே பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடும் என்று கணித்திருந்தார்கள். அது பெரும்பாலும் சரியாக இருந்ததென 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே மக்களிடம் நிலவும் ஐயத்துக்குச் சான்றுகளின் குறைபாடு காரணமாக இருக்க முடியாது.

ஐயம் எழுப்பியவர்கள் அனைவரையும் கூலிக்குப் பேசியவர்கள் என்று தள்ளுவது நியாயமாகாது. அவர்களுடைய கேள்விகளில் சில கேட்கத் தகுந்தவை. வெப்பமானிகள் பல, தார் போட்ட வாகன நிறுத்துமிடங்களையும் ஏசி இயந்திரங்களையும் ஒட்டி நிற்கின்றன. அவை நகரத்தின் சூட்டை அளந்துவிட்டு உலகத்தின் சூடு என்று சொல்கின்றனவோ என்றார்கள். இந்த ஐயம் கொண்டிருந்த பெர்க்லி இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், வெப்பமாதலை மறுக்கும் அமைப்புகளுக்கு உதவிவந்த தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையிடமிருந்தும் நிதி பெற்று, ஏறத்தாழ 39,000 நிலையங்களின் பதிவுகளைச் சோதித்தார். நகரங்களிலிருந்து வெகுதூரத்தில் உள்ள நிலையங்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் அதே ஏற்றம்தான் தெரிந்தது. 2012இல் அவர், வெப்பமாதலுக்கு ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதர்களே என்று வெளிப்படையாக அறிவித்தார். எதிர்த்தவர் ஒருவரே கணக்கைப் போட்டு அதே விடைக்கு வந்தார் என்பதால், இந்தச் சர்ச்சையில் இதைவிட வலுவான சாட்சியம் அரிது. சூரியனே காரணம் என்ற வாதத்துக்கு வளிமண்டலமே விடை தருகிறது. சூரிய வெப்பம் கூடியிருந்தால் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். ஆனால் தரைக்கு அருகே உள்ள காற்று சூடேற, அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலம் குளிர்ந்திருக்கிறது.

அறிவியல் தரப்பும் தவறியிருக்கிறது. இமயப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்ற, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கைக் கூற்று ஆதாரமற்றது. அக்குழு 2010இல் அதற்கு வருத்தம் தெரிவித்தது. அந்த ஒரு வரி விழுந்ததால் பனியாறுகள் உருகும் உண்மை விழுந்துவிடவில்லை. ஆபத்தின் அளவு உறுதியாகத் தெரியும்வரை காத்திருக்கலாம் என்பதே இன்று மிஞ்சியிருக்கும் வாதம். உறுதியின்மை இருபுறமும் வெட்டும் என்பதை அது மறக்கிறது. கரியமில வாயு இரட்டிப்பானால் வெப்பம் 1.5 முதல் 4.5 டிகிரி வரை உயரலாம் என்று 1979இல் விஞ்ஞானி சார்னியின் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக் குழு மதிப்பிட்டது. 2021இல் ஐ.பி.சி.சி. அதை 2.5 முதல் 4 டிகிரி எனச் சுருக்கியது. கீழ் எல்லை ஒரு டிகிரி ஏறியது. மேல் எல்லை அரை டிகிரிதான் இறங்கியது.