முட்டத்திலிருந்து ஒரு செய்தி: பதில் கேட்காத ரேடியோவின் கதை

முட்டம் பீச் உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பாரதிராஜா 1981-ல 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த இடம். பாறை, கலங்கரை விளக்கம், சூரிய அஸ்தமனம், ரீல்ஸ். எங்க குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

ஆனா அதே முட்டத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையும் நடக்குது. கலங்கரை விளக்கத் துறை நடத்துற நாவ்டெக்ஸ் ரேடியோ நிலையங்கள்ல ஒண்ணு இங்க இருக்கு. புயல் வருது, இந்த இடத்துல ஒரு விளக்கு அணைஞ்சிருக்கு, ஒரு படகைக் காணோம்... இந்த மாதிரி அதிகாரபூர்வ செய்திகளை அது கடல்ல போற கப்பல்களுக்கு அனுப்பும். யாரும் பதில் சொல்ல வேண்டாம். கேட்டா போதும்.

நம்ம மொழியில சொன்னா, இது யூடிபி மாதிரி. அனுப்புறோம், போய்ச் சேர்ந்துச்சான்னு கேட்கிறதில்ல. யூடிபி-ல வேகத்துக்காக அப்படிப் பண்றோம். ஆனா கப்பல்களுக்கு ஒரு காலத்துல உயிர் பிழைக்கவே இந்த முறை தேவைப்பட்டுச்சு.

வாயைத் திறந்தா ஆபத்து

'அவன் சரியான எம்டன்'னு பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மேல குண்டு போட்ட ஜெர்மன் கப்பலோட பேர் அது. எம்டன் தன்னோட ரேடியோவுல முடிஞ்சவரை பேசாது; மத்தவங்க பேசுறதைக் கேட்கும். கடைசியில அது மாட்டினதும் ரேடியோவாலதான். நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவு தந்தி நிலையத்துக்காரங்க, சந்தேகமான கப்பல் வந்திருக்குன்னு செய்தி அனுப்பிட்டாங்க. பக்கத்துல போயிட்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து கதையை முடிச்சிடுச்சு.

இதுல ரெண்டு பாடம். ரேடியோ காப்பாத்தும். ரேடியோ காட்டியும் கொடுக்கும். ஒரு கப்பல் மோர்ஸ்ல நாலு எழுத்து தட்டினாலே, அது எந்தத் திசையில இருக்குன்னு எதிரி கண்டுபிடிச்சிடலாம்.

அதனால இரண்டாம் உலகப்போர்ல சரக்குக் கப்பல்கள் ரேடியோ மௌனம் காக்கணும்னு உத்தரவு. அப்போ, வழியை மாத்துன்னு நடுக்கடல்ல போற கப்பலுக்கு எப்படிச் சொல்றது? அதுக்கு வந்த ஏற்பாட்டோட பேர் பேம்ஸ், அதாவது நேச நாட்டு வணிகக் கப்பல்களுக்கான ஒலிபரப்பு. உலகக் கடல்களைப் பகுதி பகுதியா பிரிச்சு, சக்திவாய்ந்த கரை நிலையங்கள்லேர்ந்து குறிச்ச நேரத்துல சங்கேதச் செய்திகளை அனுப்புவாங்க. கப்பல்ல ஆபரேட்டர் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு, நமக்கு ஏதாவது வருதான்னு எழுதிட்டே இருப்பார். கிடைச்சதுன்னு பதில் தட்டக் கூடாது. அதனால ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பணும்.

மௌனத்தைக் கலைக்க அனுமதி இருந்தது ஆபத்து நேரத்துல மட்டும்தான். நீர்மூழ்கி தாக்கினா எஸ் எழுத்தைத் தொடர்ந்து தட்டணும். சாதாரணக் கப்பல் மாதிரி வேஷம் போட்ட எதிரின்னா க்யூ.

எதிரியும் சப்ஸ்கிரைபர்தான்

இந்த முறையில ஒரு பெரிய ஓட்டை: ஒலிபரப்பை யார் வேணும்னாலும் கேட்கலாம்.

1940 மே மாசம் அட்லாண்டிஸ்ங்கிற ஜெர்மன் கப்பல் ஜப்பானியக் கப்பல் வேஷத்துல இந்தியப் பெருங்கடலுக்குள்ள வந்துச்சு. ஜப்பானியக் கப்பல் மாதிரி ஒரு ஜெர்மன் கப்பல் சுத்துது, ஜாக்கிரதைன்னு இலங்கையிலேர்ந்து எச்சரிக்கை போச்சு. கன்னியாகுமரியிலேர்ந்து கொழும்பு 300 கிலோமீட்டர்கூட இல்ல. நம்ம வாசல்லேர்ந்து போன செய்தி மாதிரிதான். அட்லாண்டிஸ் அதையும் கேட்டுச்சு. உடனே பெயிண்ட் அடிச்சு, 'அபெகெர்க்'ங்கிற டச்சுக் கப்பலா மாறிடுச்சு! ஜூலை 11-ஆம் தேதி 'சிட்டி ஆஃப் பாக்தாத்' கப்பலைப் பிடிச்சப்போ, வணிகக் கப்பல்களோட சங்கேதப் புத்தகமே அவங்க கையில கிடைச்சிடுச்சு. நம்ம ஆளுங்க பாஷையில, பிரைவேட் கீ லீக்.

பத்து நிமிஷம், ஒரு எழுத்து

போர் முடிஞ்சு பல வருஷம் கழிச்சு வந்த நாவ்டெக்ஸ்ல ரகசியம் எதுவும் இல்ல. எல்லாரும் கேட்கணுங்கிறதுதான் நோக்கமே. உலகம் முழுக்க முக்கியமான அலைவரிசை ஒண்ணுதான்: 518 கிலோஹெர்ட்ஸ். ஒரே அலைவரிசையில எல்லாரும் பேசினா மோதாதா? அதனால ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம். முட்டத்துக்கு எல். நம்ம நேரப்படி காலையில 7:20, அப்புறம் 11:20, மதியம் 3:20... இப்படியே சுத்தும்.

கப்பல்ல ஆபரேட்டர் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்ல. பெட்டி தானே வாங்கி, அச்சடிச்சோ திரையிலயோ காட்டும். ஏற்கெனவே வந்த செய்தின்னா எண்ணைப் பார்த்து விட்டுடும். ஆனா புயல் எச்சரிக்கையை 'வேண்டாம்'னு நிறுத்தி வைக்கவே முடியாது. அந்த ஒரு டிசைன் முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேட்கிற பெட்டி யாருகிட்ட இருக்கு?

இப்போ 2017-க்கு வருவோம். நவம்பர் 29 காலையில இலங்கைப் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 30-ஆம் தேதி காலையில அது ஒக்கி புயல், குமரிக் கடல்ல. நடுவுல ஒரே ஒரு நாள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரங்க தங்குகடலுக்குப் போறவங்க. போனா வாரக்கணக்குல கடல்லதான். கரையிலேர்ந்து அவங்களோட வயர்லெஸ் எட்டுற தூரம் சுமார் 20, 25 கடல் மைல். அவங்க இருந்தது அதுக்கும் எத்தனையோ மடங்கு தள்ளி. தமிழ்நாடு, கேரளா ரெண்டும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டவங்க திரும்பி வரல.

அப்போ நாவ்டெக்ஸ் பெட்டி கட்டாயம்னு சர்வதேச விதி சொன்னது 300 டன்னும் அதுக்கு மேலயும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கும், வெளிநாடு போற பயணிகள் கப்பல்களுக்கும்தான். மீன்பிடி படகு அந்தக் கணக்குலயே வராது. நூறு வருஷமா கடலுக்குச் செய்தி அனுப்புற தொழில்நுட்பம் வளர்ந்துக்கிட்டே இருந்தப்போ, கேட்கிறவன்னா பெரிய கப்பல்னுதான் உலகம் நினைச்சுது.

ஒக்கிக்கு அப்புறம் நாவிக் செயற்கைக்கோள் வழியா செய்தி வாங்குற கருவிகள் வந்துச்சு. 2019 அக்டோபர்ல ககன் மூலமா வேலை செய்ற ஜெமினி வந்துச்சு. ரெண்டுமே கரையிலேர்ந்து ரொம்பத் தூரத்துக்கு எட்டும். ஆனா அப்போ வந்த அந்தக் கருவிகள் ஒரு வழிதான். எச்சரிக்கை வரும், 'நாங்க மாட்டிக்கிட்டோம்'னு அதுல திருப்பிச் சொல்ல முடியாது.

1940-ல கப்பல்காரன் பதில் சொல்லாததுக்குக் காரணம், சொன்னா செத்துடுவான். எங்க ஊர்க்காரன் சொல்ல முடியாம போனதுக்கு அப்படி எந்தக் காரணமும் இல்ல. எந்த எதிரியும் அவனை ஒட்டுக் கேட்கல. கேட்க வேண்டிய கரைக்கு அவன் குரல் எட்டல, அவ்வளவுதான்.

அடுத்த தடவை முட்டத்துல நின்னு அஸ்தமனத்தைப் போட்டோ எடுத்துட்டு, இரவு 7:20 வரைக்கும் அங்கேயே இருந்தீங்கன்னா, இதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. உங்களைத் தாண்டி ஒரு செய்தி கடலுக்குள்ள போயிட்டிருக்கும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.