பேய் தொடுத்த வழக்கு: ‘டிபுக்’ திரைப்படத்தின் வரலாறு

பேய் பிடித்தலையும் பேயோட்டுதலையும் பொருளாகக் கொண்ட திரைப்படம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1973-ஆம் ஆண்டின் ‘எக்சார்சிஸ்ட்’. வில்லியம் பீட்டர் பிளாட்டியின் புதினத்தைத் தழுவி வில்லியம் ஃபிரீட்கின் இயக்கிய அப்படத்தில் சிறுமியின் உடலைக் கைப்பற்றும் சாத்தானுக்கு நியாயம் எதுவும் கிடையாது. அது வருகிறது, வதைக்கிறது, விரட்டப்படுகிறது. அதைத் தொடர்ந்து வந்த படங்களுள் பெரும்பாலானவை அதே அச்சில் வார்க்கப்பட்டவையே. ஆனால் அதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே, பேயையும் ஒரு வாதியாக ஏற்று அதன் முறையீட்டைக் கேட்ட படம் ஒன்று உண்டு. 1937-இல் போலந்து நாட்டில் இத்திஷ் மொழியில் எடுக்கப்பட்ட ‘டிபுக்’ அது.

‘டிபுக்’ என்னும் சொல்லே ஆராயத்தக்கது. தமிழில் பேய் ‘பிடிக்கிறது’ என்கிறோம். எபிரேயத்தில் அது ‘ஒட்டிக்கொள்கிறது’. அமைதி பெறாத இறந்தோர் ஆவி உயிருள்ளவர் உடலில் ஒட்டி நிற்பதே டிபுக். வியப்பு என்னவெனில், இறைவனோடு பிரிவின்றி ஒட்டி நிற்கும் நிலையை யூத மறைஞானிகள் குறிக்கும் ‘தெவேக்கூத்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. பேய்க்கும் பேரின்பத்துக்கும் ஒரே வேர் கொடுத்த மொழியில் இக்கதை பிறந்தது தற்செயல் அன்று. 16-ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரத்து ஞானியரிடையே செழித்த மறுபிறப்புக் கொள்கையோடு இந்நம்பிக்கையும் வலுப்பெற்று, காலப்போக்கில் கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர்களில் ஆழ வேரூன்றியது.

அவ்வூர்களிலிருந்து அதனை மேடைக்குக் கொணர்ந்தவர் அன்ஸ்கி (1863–1920). ஷ்லோய்மே ரப்போபோர்ட் என்பது அவருடைய இயற்பெயர். இளமையில் பழமையை உதறிப் புரட்சியாளர் பக்கம் நின்றவர், பின்னாளில் தம் மக்களின் வாய்மொழி மரபு அழிந்துவிடும் என்றஞ்சி 1912 முதல் 1914 வரை வொலீனியா, பொதோலியா மாவட்டங்களில் ஊர் ஊராகச் சென்றார். அப்பயணத்தில் அவரும் குழுவினரும் ஏறத்தாழ 2000 ஒளிப்படங்களையும் 1800 கதைகளையும் திரட்டினர். 500 மெழுகு உருளைகளில் பாட்டையும் இசையையும் பதிந்தனர். முதல் உலகப் போர் மூண்டு பணியை நிறுத்தியது. திரட்டியவற்றின் சாரமாக எழுந்ததே ‘இரு உலகங்களுக்கிடையே’ என்று மறுபெயர் கொண்ட நாடகம். அது மேடையேறியதைக் காண ஆசிரியருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1920 நவம்பரில் அவர் மறைந்தார். முப்பது நாள் துக்கம் கழிந்ததும் வில்னா நாடகக் குழுவினர் வார்சாவில் அதனை அரங்கேற்றினர். 1922-இல் மாஸ்கோவில் வக்தாங்கோவ் இயக்கத்தில் ஹபிமா குழுவினர் நடித்தது கவிஞர் பியாலிக் செய்த எபிரேய மொழிபெயர்ப்பை.

மிகாவ் வாஷின்ஸ்கி இயக்கிய திரைப்படம் இந்நாடகத்தைப் பின்பற்றியது. செண்டர், நிசன் என்னும் இரு நண்பர்கள் பிறவாத தம் குழந்தைகளை ஒருவருக்கொருவர் மணம் முடிப்பதாகக் கைகொடுத்து உறுதி செய்கின்றனர். நிசன் இறந்துபோகிறான், செண்டர் செல்வனாகிறான், வாக்கு மறக்கப்படுகிறது. நிசனின் மகன் கோனன் ஏழை மாணவனாக அவ்வூருக்கே வந்து செண்டரின் மகள் லேயாவை விரும்புகிறான். அவளுக்குச் செல்வர் வீட்டில் மணம் பேசி முடித்த செய்தி கேட்டதும், மறைநூல்களின் தடுக்கப்பட்ட வழியில் சென்று உயிரை விடுகிறான். திருமண நாளன்று இடுகாட்டுக்குச் சென்று இறந்த தாயைத் திருமணத்துக்கு அழைப்பது மரபு. லேயா கோனனையும் அழைத்துவிடுகிறாள். மணப்பந்தலின் கீழ் அவள் வாயிலிருந்து எழுவது அவன் குரல்.

பேயோட்டும் பகுதியே படத்தின் உயிர் எனலாம். மிரோபோல் ஊரின் குரு அஸ்ரியேல் எடுத்த எடுப்பில் மந்திரம் சொல்லி விரட்டிவிடவில்லை. ஒரு நீதிமன்றம் கூட்டுகிறார். இறந்த நிசனை இடுகாட்டிலிருந்து வாதியாக வரவழைத்து, அவனுக்கென்று தனியிடம் ஒதுக்கி, செண்டருக்கு எதிராக அவன் சொல்வதைக் கேட்கிறார். தன் வீட்டில் உணவுண்ட ஏழை மாணவன் யார் மகன் என்று ஏன் விசாரிக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. செண்டர் தன் செல்வத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். இறந்த இருவருக்கும் வாழ்நாள் முழுதும் நினைவு வழிபாடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பாகிறது. ஆனால் இறந்தவன் மன்னித்ததாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன் பின்னரே கொம்பு ஊதி, மறைச்சுருள்களை ஏந்தி, சமயவிலக்கும் கூறி ஆவியை வெளியேற்றுகின்றனர். ஆவி போகிறது, லேயாவும் அதன் பின்னே போய்விடுகிறாள். சடங்கு வென்றதா, தோற்றதா என்று படம் சொல்வதில்லை. அச்சுறுத்தும் கலையில் இத்தகைய அடக்கம் அரிது.

நடன ஆசிரியை ஜூடித் பெர்க் அமைத்த மரண நடனத்தையும் குறிப்பிட வேண்டும். திருமண விருந்துக்கு வந்த இரவலர் நடுவே, மண்டையோட்டு முகத்தோடு வரும் உருவம் மணமகளை ஆட்டத்துக்கு இழுக்கிறது. ‘எக்சார்சிஸ்ட்’ காட்டிய சுழலும் தலையைவிட இந்த மெல்லிய அடிவைப்பு நெடுநேரம் நெஞ்சில் நிற்கும்.

படத்தின் வெளிப்புறக் காட்சிகள் சில விஸ்துலா ஆற்றங்கரையிலுள்ள கசிமியேஷ் டோல்னி என்னும் ஊரில் எடுக்கப்பட்டன. ஐந்தாண்டுகளில், 1942-இல், அவ்வூர் யூதர்கள் வெளியேற்றப்பட்டுக் கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். படத்தில் வழிபாட்டுப் பாடல் பாடிய புகழ்பெற்ற பாடகர் கெர்ஷோன் சிரோத்தா 1943-இல் வார்சா கெட்டோவில் மடிந்தார். லேயாவாக நடித்த லில்லி லிலியானாவும் கோனனாக நடித்த லியோன் லீப்கோல்டும் அமெரிக்காவில் வாழ்ந்து பிழைத்தனர். இறந்தோரை விருந்துக்கு அழைக்கும் கதையில் நடித்தவர்களுள் பலர் சில ஆண்டுகளுக்குள் கல்லறையும் இன்றிப் போயினர்.

அன்ஸ்கி பதிந்த மெழுகு உருளைகளில் பெரும்பகுதி சோவியத் ஆட்சிக் காலத்தில் நெடுங்காலம் கீவ் நகரில் உறங்கிக் கிடந்தது. அவ்வாட்சி வீழ்ந்த பின் அவை அறிஞர் கைக்கு எட்டின. 1912-இலும் 1913-இலும் அவ்வூர்களில் பாடியவர்களின் குரல்கள், கீறலும் இரைச்சலுமாக, மீண்டும் ஒலித்தன.