இயாகோவின் காரணங்கள்: ‘ஒத்தெல்லோ’ விமர்சனத்தில் ஒரு கேள்வியின் வரலாறு

இயாகோ ஏன் ஒத்தெல்லோவை அழித்தான் என்ற கேள்வி, கதை ஷேக்ஸ்பியரின் கைக்கு வரும் முன் எழுந்ததே இல்லை. இத்தாலியரான சிந்தியோ 1565இல் வெளியிட்ட கதைத் தொகுதியில் மூலக்கதை இருக்கிறது. அதில் கொடி ஏந்தும் அதிகாரி, மூரின் மனைவி மீது ஆசை வைக்கிறான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மனம் வேறொரு படைவீரனிடம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறான். ஆசை பகையாக மாறுகிறது. காரணம் ஒன்று, அதுவும் தெளிவானது. 1604 நவம்பரில் வைட்ஹால் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அவையில் நடிக்கப்பட்ட நாடகத்தில் அந்த ஆசை ஒரு தனிமொழியில் சில வரிகளாகச் சுருங்கிவிட்டது. அதற்குப் பதிலாகத் துணைத்தளபதிப் பதவி காசியோவுக்குப் போன ஆத்திரம், தன் மனைவி எமிலியாவுடன் ஒத்தெல்லோ உறவு கொண்டிருக்கலாம் என்ற சந்தேகம், காசியோவும் அப்படியே என்ற இன்னொரு சந்தேகம், ஐந்தாம் அங்கத்தில் காசியோவின் வாழ்க்கையில் உள்ள அழகு தன்னை அசிங்கமாக்குகிறது என்ற பொருமல் என்று காரணங்கள் அடுக்கடுக்காக வருகின்றன. பின்னால் வந்த விமர்சகர்களில் சிலர் இவை எல்லாமே சாக்குகள் என்று தள்ளினார்கள். சிலர் இவற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒன்றைத் தோண்டினார்கள். நாடகப் பிரதி இரண்டுக்கும் முழுதாக இடம் கொடுக்கவில்லை. இயாகோவின் சந்தேகம் உண்மையானது. அதைச் சோதித்துப் பார்க்காமலே செயலில் இறங்குவதுதான் அவன் குணம்.

பதினேழாம் நூற்றாண்டு இதை உள்நோக்கம் பற்றிய கேள்வியாகவே பார்க்கவில்லை. 1693இல் தாமஸ் ரைமர் இந்த நாடகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியபோது, அவருடைய புகார் வேறு: படைவீரன் என்றால் வெளிப்படையானவனாக, நேர்மையானவனாக இருக்க வேண்டும், இயாகோ அந்த இலக்கணத்தை மீறுகிறான் என்பது. பாத்திரம் என்பது ஒரு வகைமாதிரி என்று நம்பிய காலத்தில், தனி மனிதனின் மனக்கணக்கைக் கேட்க அவசியம் இருக்கவில்லை. 1765இல் சாமுவேல் ஜான்சனுக்கும் இயாகோ வெறுக்கப்பட வேண்டியவன் என்பது போதுமானதாக இருந்தது.

திருப்பம் கோல்ரிட்ஜால் வந்தது. 1818–19 சொற்பொழிவுகளை ஒட்டி அவர் எழுதிய குறிப்பொன்று, இயாகோ தன் காரணமற்ற தீமைக்குக் காரணம் தேடி அலைகிறான் என்று தீர்ப்பளித்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடப்புத்தகங்கள் இதைத்தான் திருப்பிச் சொல்லின. ஆனால் அந்தக் குறிப்பு எந்த இடத்துக்கு எழுதப்பட்டது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது முதல் அங்கத்தின் முடிவில், ரோடரிகோ வெளியேறியபின் வரும் தனிமொழியைப் பற்றியது. அங்கே கோல்ரிட்ஜின் பார்வை கூர்மையானது. மூரை, அதாவது ஒத்தெல்லோவை, வெறுப்பதாக இயாகோ முதலில் சொல்கிறான். எமிலியா பற்றிய வதந்தியைப் பிறகு பக்கத்தில் வைக்கிறான். வதந்தியால் வெறுப்பு வந்தது என்று அவன் சொல்லவில்லை. அது உண்மையா என்று தெரியாது, ஆனால் உறுதியானதைப் போலவே நடந்துகொள்வேன் என்று அவனே சொல்கிறான். பதவி ஆத்திரத்தையும் இங்கே எடைபோட வேண்டும். அது முதலில் சொல்லப்படுவது ரோடரிகோவிடம், அதாவது எவன் பணத்தைக் கறக்க வேண்டுமோ அவனிடம். மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியின் முடிவில் அந்தப் பதவி கைக்கு வந்தபிறகும் இயாகோ நிற்பதில்லை. நின்றால் மாட்டிக்கொள்வான் என்ற பதில் நியாயமானதுதான்; இருந்தாலும் பதவி கிடைத்த நிம்மதி அதன்பின் அவன் பேச்சில் எங்குமே தலைகாட்டவில்லை.

கோல்ரிட்ஜின் தீர்ப்பு தடுமாறுவது நான்காம் அங்கம் இரண்டாம் காட்சியில். கணவன் ஒத்தெல்லோவின் வசைகளால் டெஸ்டிமோனா நொறுங்கி நிற்கிறாள். ஏதோ பதவிக்கு ஆசைப்பட்ட அயோக்கியன்தான் இந்தப் பழியைக் கிளப்பியிருக்க வேண்டும் என்று எமிலியா கொதிக்கிறாள். அப்படிப்பட்டவன் இருக்கவே முடியாது என்கிறான் பக்கத்தில் நிற்கும் இயாகோ. உடனே எமிலியா, இதே போன்ற ஒருவன்தானே என்னையும் மூரையும் இணைத்து உன்னைச் சந்தேகப்பட வைத்தான் என்று கணவனைக் கேட்கிறாள். அவளை வாயடைக்கவே அவன் முயல்கிறான். இந்த ஒரு பேச்சு போதும். சந்தேகம் தனிமொழியில் நம்மிடம் சொல்வதற்காகப் புனைந்த சாக்கு அல்ல. நாடகம் தொடங்கும் முன்பே அந்த வீட்டுக்குள் வெடித்து, மனைவியின் காதுக்கும் எட்டியது. அது ஆதாரமற்றது என்பதும் எமிலியாவின் சலிப்பிலேயே தெரிகிறது.

இதற்கு வலுவான மறுப்பு மேடை மரபை முன்வைத்தவர்களிடமிருந்து வரும். 1915இல் எல்மர் ஸ்டோல், ஒத்தெல்லோ இயாகோவை நம்புவதை மன இயலால் விளக்க வேண்டாம், அது நாடக வழக்கம் என்றார். 1958இல் பெர்னார்ட் ஸ்பிவாக், இயாகோவை இடைக்கால நீதி நாடகங்களில் தீமையே உருவமாக வந்து, சபையோரிடம் சிரித்துப் பேசிச் சூழ்ச்சி செய்யும் பாத்திரத்தின் வாரிசாகக் கண்டார். காரணங்கள் பின்னால் போர்த்திய மனிதச் சட்டை என்பது அவர் முடிவு. தனிமொழிகளின் துள்ளலுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. ஆனால் தீமையின் உருவத்துக்கு வீட்டில் நடந்த பழைய சண்டை எதற்கு? எமிலியாவின் பேச்சு இயாகோ சபையோருக்குச் சொன்னதும் அல்ல. மரபு பாத்திரத்தின் குரலை விளக்குகிறது; அவன் மனைவியின் நினைவை விளக்கவில்லை.

அடியில் ஒளிந்திருப்பதைத் தோண்டியவர்களில் ஹாஸ்லிட் (1817) அதிகார வேட்கையைக் கண்டார். பிராட்லி (1904) அதை விரித்து, தன் மேன்மையைத் தனக்கே நிரூபிக்கத் துடிக்கும் மனம் என்றார். பதவி பறிபோனதும் சந்தேகமும் ஒரே காயத்தின் இரு முனைகளாகத் தெரிவதால் இந்த விளக்கம் மதிப்புக்குரியது. 1938இல் ஓல்ட் விக் மேடைக்காக லாரன்ஸ் ஒலிவியே மனப்பகுப்பாய்வாளர் எர்னஸ்ட் ஜோன்ஸின் கருத்தை ஏற்று, ஒத்தெல்லோ மீது இயாகோவுக்கு உள்மனக் காதல் என்று நடித்துப் பார்த்தார். ஒத்தெல்லோவாக நடித்த ரால்ஃப் ரிச்சர்ட்சனிடம் அந்த ரகசியத்தைச் சொல்லவில்லை. சபைக்கும் அது எட்டவில்லை. பிரதியில் இல்லாததை நடிகரின் முகம் மட்டும் சுமக்க முடியாது போலும்.

டெஸ்டிமோனா மீதான ஆசையை, சந்தேகமே மையம் என்ற என் வாசிப்புக்குள் அடக்க முடியவில்லை. இரண்டாம் அங்கத்துத் தனிமொழிக்குப் பிறகு அதன் பேச்சே இல்லை. சிந்தியோவின் கதையிலிருந்து உதிராமல் ஒட்டிக்கொண்ட துணுக்கு என்றே அதைக் கொள்கிறேன். மற்றபடி, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிற நிலையில் முதலில் விழுந்தவன் இயாகோ. ஒத்தெல்லோவை அவன் இழுத்துப் போவது தான் நடந்த தடத்திலேயே. 1937இல் எஃப். ஆர். லீவிஸ், ஒத்தெல்லோவின் வீழ்ச்சிக்கு ஒத்தெல்லோவே பொறுப்பு, இயாகோ வெறும் கருவி என்று எழுதினார். ஒத்தெல்லோவின் அவசரத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் இருவருக்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஒத்தெல்லோ கண்ணால் காணும் சாட்சி வேண்டும் என்று இயாகோவின் குரல்வளையைப் பிடிக்கிறான், பிறகுதான் டெஸ்டிமோனாவின் கைக்குட்டையில் ஏமாறுகிறான். இவ்வளவு பெரிய அழிவுக்கு ஒரு கைக்குட்டையா என்று ரைமர் கேலி செய்தார். எமிலியா விஷயத்தில் இயாகோ அந்தக் கைக்குட்டையைக்கூடக் கேட்கவில்லை.