ஒரே குடல், இரண்டு டாக்டர், இரண்டு மதிப்பெண்

மறுமதிப்பீடு என்றால் என்னவென்று நம்மில் பலருக்கு நன்றாகவே தெரியும். ஒரே விடைத்தாள். ஒருவர் திருத்தினால் ஃபெயில், இன்னொருவர் திருத்தினால் பாஸ். மருத்துவத்திலும் இப்படி ஒரு கதை 70 வருடங்களாக நடந்து கொண்டிருக்கிறது. அங்கே விடைத்தாள், மனிதனின் பெருங்குடல்!

முதலில் நோயைப் பற்றி நாலு வரி. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பது பெருங்குடலின் உட்சுவர் சிவந்து, புண்ணாகி, ரத்தம் கசியும் நோய். மலக்குடலில் ஆரம்பித்து மேல் நோக்கிப் பரவும். சில மாதம் அடங்கியிருக்கும், திடீரென்று கிளம்பும். ரத்தப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் ஓரளவு உதவும். ஆனால் நோய் எவ்வளவு தீவிரம் என்று முழுதாகச் சொல்லிவிடும் ஒற்றை எண் எதுவும் அவற்றில் கிடையாது. எண்டோஸ்கோப்பியை உள்ளே விட்டு ஒரு டாக்டர் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணை எவ்வளவு நம்பலாம்? இதுதான் கேள்வி.

கதை ஆரம்பிப்பது ஆக்ஸ்ஃபோர்டில்

1955ல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் இந்த நோய்க்கு கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 210 நோயாளிகள். 109 பேருக்கு மருந்து, 101 பேருக்கு வெறும் மாத்திரை. ஆறு வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் சுமார் 41 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, மற்றவர்களில் சுமார் 16 சதவீதம் பேருக்கு. இந்த நோயின் சிகிச்சையையே மாற்றிய ஆய்வு இது. அதில் சிக்மாய்டோஸ்கோப் என்ற நேரான குழாய் வழியாகக் குடலைப் பார்த்தும் குறித்தார்கள். எப்படி? "ஏறக்குறைய நார்மல்", "தேறியிருக்கிறது", "மாற்றமில்லை அல்லது மோசம்" என்கிற மாதிரி.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். ஒருவர் "தேறியிருக்கிறது" என்று சொல்வதை இன்னொருவரும் அப்படியே சொல்வாரா?

1964: அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்

பேரன், கானெல், லெனார்ட்-ஜோன்ஸ் என்ற மூன்று பேர் 1964ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மலக்குடலின் உட்சுவரை வர்ணிப்பதில் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் எவ்வளவு வேறுபாடு என்பதுதான் விஷயம். ரத்தக் கசிவு சம்பந்தப்பட்ட அடையாளங்களில் ஒற்றுமை நன்றாக இருந்தது, மற்ற வர்ணனைகளில் அந்த அளவுக்கு இல்லை. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ரத்தம் வருகிறதா இல்லையா என்பது கேள்வி, "கொஞ்சம் சிவப்பு" என்பது அபிப்பிராயம்.

அதனால் அவர்கள் பெயரில் நிலைத்த அளவுகோல் ரத்தத்தையே மையமாக வைத்தது. ரத்த நாளங்களின் பின்னல் தெளிவாகத் தெரிந்து, கசிவு இல்லாவிட்டால் 0. பார்க்க நார்மலாக இல்லை, ஆனால் ரத்தமும் இல்லை என்றால் 1. லேசாகத் தொட்டால் ரத்தம் வந்தால் 2. தொடுவதற்கு முன்பே வந்து கொண்டிருந்தால் 3.

1987ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து ஷ்ரோடரும் அவர் சகாக்களும் வெளியிட்ட மருந்து ஆய்வில் இன்னொரு அளவுகோல் வந்தது. இதிலும் 0 முதல் 3 வரைதான். ரிப்போர்ட்டுகளில் "மேயோ ஸ்கோர்" என்று இன்றும் வருவது இதன் வாரிசு. ஆனால் "லேசான சிவப்பு", "அதிகமான சிவப்பு" என்ற வார்த்தைகள் இதில் திரும்ப வந்துவிட்டன. லேசுக்கும் அதிகத்துக்கும் எல்லைக்கோடு எங்கே என்று கேட்டால்... அதைப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.

2012: நார்மல் என்றால் என்ன?

இதை அளக்க ஒரு கருவி வேண்டும். ஜேக்கப் கோஹன் 1960ல் தந்த கப்பா என்ற எண்தான் அது. இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு பாஸ், ஃபெயில் போட்டாலும் பாதி இடத்தில் ஒத்துப்போகும். அந்தக் குருட்டு அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்வது கப்பா. முழு ஒற்றுமை என்றால் 1, அதிர்ஷ்டம் மட்டும்தான் என்றால் 0.

2012ல் அதே ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சைமன் டிராவிஸ் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. முதல் கட்டத்தில் 10 நிபுணர்கள் வீடியோக்களைப் பார்த்து பேரன் அளவுகோலில் மதிப்பெண் போட்டார்கள். அவற்றை ஒரு மைய மதிப்பீட்டாளரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். "தீவிரம்" என்பதில் 76 சதவீத ஒற்றுமை. "நார்மல்" என்பதில்? வெறும் 27 சதவீதம்!

இரண்டாம் கட்டத்தில் வேறு 30 நிபுணர்கள். சிவப்பு, கசிவு, புண் என்று 10 அடையாளங்கள். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே கப்பா 0.30 முதல் 0.45 வரை. அதை விடுங்கள், ஒரே ஆள் தன்னோடு தானே ஒத்துப்போவது 0.34 முதல் 0.65 வரைதான்.

பத்தில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு புது அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள்: ரத்த நாளப் பின்னல், ரத்தக் கசிவு, புண். ஒவ்வொரு படிக்கும் துல்லியமான விளக்கம் உண்டு. சிவப்பு வெளியே போனது. தொட்டால் கசிகிறதா என்பதும் போனது. தொடுபவர் எவ்வளவு அழுத்தித் தொட்டார் என்று வீடியோவில் எப்படித் தெரியும்?

ஒரு மருந்து தோற்கப் பார்த்த கதை

"சரி, அரை மதிப்பெண் கூடக் குறைய இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்கலாம். 2013ல் கனடாவின் பிரையன் ஃபீகன் குழு வெளியிட்டதைப் பாருங்கள்.

மெசலமின் இந்த நோய்க்குப் பல வருடங்களாகப் பயன்படும் மருந்து. அதை 281 நோயாளிகளிடம் சோதித்தார்கள். நோய் அடங்கியவர்கள் மருந்துக் குழுவில் 30 சதவீதம், வெறும் மாத்திரைக் குழுவில் 20.6 சதவீதம். புள்ளியியல்படி இந்த வித்தியாசம் போதாது. அதாவது மருந்து ஃபெயில்!

ஆனால் எல்லா எண்டோஸ்கோப்பிகளும் வீடியோவாக இருந்தன. நோயாளியைத் தெரியாத ஒரு மைய மதிப்பீட்டாளர் அவற்றைப் பார்த்தார். உள்ளூர் டாக்டர்கள் "ஆய்வில் சேரலாம்" என்று அனுப்பியவர்களில் 31 சதவீதம் பேர் சேரவே தகுதியில்லாதவர்கள் என்றார். குடலில் அந்த அளவுக்கு நோயே இல்லை. நோய் குறைவாக இருந்தவர் வெறும் மாத்திரையிலும் "குணமானவர்" கணக்கில் சேர்ந்துவிடுவார், மருந்தின் பலன் அதில் மறைந்துவிடும். அவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் 29 சதவீதத்துக்கு எதிராக 13.8 சதவீதம். இப்போது மருந்து பாஸ். மருந்தும் அதேதான், மாத்திரையும் அதேதான். பார்த்த கண் மட்டும்தான் வேறு.

மையத்தில் உட்கார்ந்திருப்பவரும் மனிதர்தான். அதனால் பின்னால் வந்த பல ஆய்வுகளில் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பதும், ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவரைக் கேட்பதும் வழக்கமானது.

நோயாளிக்கு இதில் என்ன?

எனக்கு இந்தக் கதையில் கவலை தருவது இதுதான். 2015ல் நிபுணர்கள் கூடி சிகிச்சையின் இலக்கு மேயோ 0 அல்லது 1 என்றார்கள். 2021ல் அதை இறுக்கி 0 மட்டும் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் கண்கள் அதிகம் சண்டை போடும் இடமே அந்த "நார்மல்" பக்கம்தான்! மருந்தைத் தொடர்வதா, கூட்டுவதா, இன்னும் வலுவானதற்கு மாறுவதா என்ற முடிவு 0க்கும் 1க்கும் நடுவே போய் நிற்கிறது.

கம்ப்யூட்டர் காப்பாற்றுமா? 2019ல் அமெரிக்காவில் 3,082 நோயாளிகளின் 16,514 படங்களை வைத்து ஒரு மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்துச் சோதித்தார்கள். மனிதர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகும் அளவுக்கு அதுவும் ஏறக்குறைய ஒத்துப்போனது. களைப்பு, மறதி எதுவும் அதற்கு இல்லை. ஆனால் அதற்கு வாத்தியார் யார்? மதிப்பெண் போட்ட அதே டாக்டர்கள்தானே...

இதனால் டாக்டர்களை நம்பக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தங்கள் கண்ணையே சந்தேகப்பட்டு, சோதித்து, முடிவை வெளியே சொன்னவர்களும் டாக்டர்கள்தான். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இந்த நோய் இருந்தால் ஒன்று செய்யுங்கள். ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். "ரத்த நாளம் தெரிந்ததா, கசிவு இருந்ததா, புண் இருந்ததா?" என்று கேளுங்கள். போன தடவை எடுத்த படங்களையும் எடுத்துப் போங்கள். ஒரே டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்வதற்கு, தனியாக நிற்கும் ஒரு எண்ணைவிட மதிப்பு அதிகம்.