ஓர் இயந்திரம், இரு வாயில்கள்



கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் செல்வோர் பத்து தீகா என்ற பெயரை நன்கு அறிவர். 1968-இல் அங்கே ஒரு மகிழுந்துப் பந்தயத்தடம் திறக்கப்பட்டது. 2003-இல் அது இடிக்கப்பட்டுவிட்டது. அத்தடம் திறக்கப்பட்ட அதே ஆண்டில், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஒரு கேள்விக்கு விடை தேடப்பட்டது. சாலையில் அமைதியாக ஓடுவதும் பந்தயத்தில் சீறிப் பாய்வதும் ஒரே இயந்திரத்தால் இயலுமா என்பதே அக்கேள்வி.

பொதுவான மகிழுந்து இயந்திரத்தில் பிஸ்டன் முன்னும் பின்னும் இயங்கும். வால்வுகள் திறந்து மூடும். சுழல் இயந்திரத்தில் இவை இரண்டும் இல்லை. முக்கோணம் போன்ற சுழலி ஒன்று, நடுவே சற்று ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டினுள் சுற்றிவருகிறது. கலவை நுழைதல், அழுத்தப்படுதல், எரிதல், வெளியேறுதல் ஆகிய நான்கும் அச்சுற்றிலேயே நிகழ்கின்றன. சுழலியே வாயில்களைத் திறந்து மூடுகிறது. ஆகவே, உள்ளிழுக்கும் வாயிலை எங்கே அமைப்பது என்பதைப் பொறுத்தே அவ்வியந்திரத்தின் குணம் அமைகிறது.

ஃபெலிக்ஸ் வாங்கெல் என்பவரின் சிந்தனையில் உதித்த இவ்வியந்திரம், ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957-இல் முதன்முதலாக ஓடியது. 1964-இல் அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்பைடர் மகிழுந்தில், வாயில் கூட்டின் வளைந்த விளிம்பில் இருந்தது. இதனை விளிம்புவாயில் எனலாம். காற்று வளையாமல் நேராக உட்புகுவதால், வேகம் மிகும்போது ஆற்றலும் மிகும். ஆனால் இவ்வாயில் முழுமையாக மூடுவதே இல்லை. எரிந்த புகை வெளியேறி முடிவதற்குள் புதுக்கலவைக்கும் வழி திறந்துவிடுகிறது. குறைந்த வேகத்தில் இரண்டும் கலந்து, இயந்திரம் தடுமாறும்.

1961-இல் உரிமம் பெற்ற ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் வேறு வழியை நாடியது. கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான பொறியாளர் குழு, 1967-இல் வெளிவந்த காஸ்மோ ஸ்போர்ட் மகிழுந்தில் வாயிலைத் தட்டையான பக்கச்சுவரில் வைத்தது. இந்தப் பக்கவாயில் சுழலியின் பக்கத்தால் நன்றாக மூடப்படும். மெதுவாகச் செல்லும்போதும் இயந்திரம் சீராக இயங்கும். அதற்கு ஈடாக, உச்ச வேகத்தில் மூச்சு சற்றுத் திணறும்.

இரண்டையும் இணைத்தால் என்ன? 1968 ஆகஸ்டில், 84 மணி நேரம் நீடித்த மராத்தான் டி லா ரூட் பந்தயத்தில் மாஸ்டா இரு காஸ்மோ மகிழுந்துகளை இறக்கியது. அவற்றின் இயந்திரங்களில் பக்கவாயிலும் இருந்தது; விளிம்புவாயிலும் இருந்தது. வேகம் கூடும்போது ஒரு தடுப்புத் தட்டு திரும்பி, காற்றை விளிம்புவாயிலுக்கு மாற்றிவிடும். பாடவேளையில் சிறு கதவை மட்டும் திறந்து வைத்து, பள்ளி விடும்போது பெரிய வாயிலைத் திறக்கும் நம் பள்ளிக் காவலரை மாணவர்களுக்கு உவமையாகக் கூறலாம்.

நீண்ட பந்தயத்தில் இயந்திரம் தாக்குப்பிடிக்க வேண்டுமென்று, ஆற்றலை ஏறத்தாழ 130 குதிரைத்திறனுக்குள் கட்டுப்படுத்தினர். ஒரு மகிழுந்து 82-ஆம் மணி நேரத்தில் அச்சுப் பழுதால் விலகியது. மற்றொன்று நான்காம் இடத்தில் முடித்தது. ஓராண்டு கழியுமுன், 1969 ஏப்ரலில், மாஸ்டாவின் ஃபமிலியா ரோட்டரி கூப்பே அண்டைநாடான சிங்கப்பூரின் கிராண்ட் பிரீ விழாவில் சாதாரண மகிழுந்துகளுக்கான பந்தயத்தை வென்றது.

அதன் பின்னர் இரு வழிகளும் தனித்தனியே வளர்ந்தன. பட்டறைகளில் பக்கச்சுவரிலேயே புருவ வடிவில் கூடுதல் துளை குடைந்து, அடைப்பு விழாதிருக்க நடுவே மெல்லிய பாலம் விட்டனர். சாலைக்கும் பந்தயத்திற்கும் இடைப்பட்ட இது, பாலவாயில் எனப்பட்டது. 1984-இல் அமெரிக்காவுக்கான ஆர்.எக்ஸ்-7 வகையொன்றில் ஆறு பக்கவாயில்கள் அமைந்தன. வேகம் மிகும்போது கழிவுவாயுவின் அழுத்தமே கூடுதல் வாயில்களைத் திறந்தது. 1991-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற 787பி, நான்கு சுழலிகளும் விளிம்புவாயில்களும் கொண்டது. வேகத்திற்கேற்ப அதன் காற்றுக்குழாய்களின் நீளமே மாறியது. 2003-இல் வந்த ஆர்.எக்ஸ்-8, புகைபோக்கும் வாயிலையும் பக்கச்சுவருக்கு மாற்றித் தூய்மையைத் தேடியது. அதன் உற்பத்தி 2012-இல் நின்றது.

இவ்வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டு செல்லலாம். அட்டையில் ஒரு கூடும் முக்கோணமும் வெட்டிக் கொடுத்தால், வாயில் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதை மாணவர்களே சுழற்றிக் கண்டறிவர். படிப்பில் நாட்டமின்றிப் பட்டறையையே சுற்றிவரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். அப்பிள்ளையின் கேள்வியில் வடிவியலும் அறிவியலும் வரலாறும் ஒருங்கே இருக்கக்கூடும்.

எந்த வாயில் சிறந்தது என்று அப்பொறியாளர்கள் வாதிட்டுக்கொண்டே இருந்திருந்தால் 1968-இன் இயந்திரம் பிறந்திராது. எந்த வேகத்திற்கு எந்த வாயில் என்று அவர்கள் கேட்டனர். மெல்லக் கற்கும் பிள்ளையும் விரைந்து கற்கும் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும்போது, நாமும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.