எலும்பு புளோரோசிஸ்

எலும்பு புளோரோசிஸ் என்பது, பெரும்பாலும் குடிநீர் வழியாக, அளவுக்கு மிகுந்த புளோரைடு பல ஆண்டுகள் உடலில் சேர்வதால் எலும்புகளையும் மூட்டுகளையும் தாக்கும் நோயாகும். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்திற்கு மேற்கே உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இந்நோயால் பெரிதும் பாதிக்கப்பட்டவை.

காரணம்

கருங்கல், நைஸ் முதலிய பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. இதனை நிறத்தாலோ மணத்தாலோ அறிய இயலாது. நீரைச் சோதித்தே அறிய வேண்டும். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஆகும். இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் கொள்கிறது.

உடலில் செயற்படும் விதம்

உட்கொள்ளப்படும் புளோரைடின் ஒரு பகுதி சிறுநீரகங்கள் வழியாக வெளியேறுகிறது. எஞ்சியது எலும்பிலும் பல்லிலும் படிகிறது. வளரும் குழந்தைகளின் உடலில் தங்கும் பங்கு அதிகம். எலும்புக் கனிமத்தில் உள்ள ஐதராக்சில் அயனியின் இடத்தைப் புளோரைடு பிடிப்பதோடு, எலும்பை உருவாக்கும் உயிரணுக்களையும் தூண்டுகிறது. இதனால் எலும்பின் அடர்த்தி கூடினாலும் அதன் உறுதி கூடுவதில்லை. உணவில் கால்சியம் குறைந்தோருக்குப் பாதிப்பு கடுமையாகிறது.

அறிகுறிகள்

தொடக்கத்தில் மூட்டு வலியும் முதுகு விறைப்பும் தோன்றும். பின்னர் தசைநார்களில் சுண்ணம் படிந்து, குனிவதும் திரும்புவதும் கடினமாகும். முற்றிய நிலையில் முதுகெலும்பு வளைந்து, தண்டுவடம் அழுத்தப்பட்டுக் கை கால்கள் செயலிழக்கக்கூடும். குழந்தைப் பருவத்திலேயே மிகுந்த புளோரைடு சேர்ந்தவர்களின் பற்களில் மஞ்சள் அல்லது பழுப்புக் கறை காணப்படும்.

ஆய்வு வரலாறு

1937 இல் ஷார்ட் முதலிய மருத்துவர்கள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் இருப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டனர். 1973 இல் ஐதராபாத்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரி, கிருஷ்ணசாமி ஆகியோர், புளோரைடு மிகுந்த பகுதியில் முழங்கால்கள் உட்புறமாக வளையும் குறைபாட்டை லான்செட் இதழில் விவரித்தனர்.

எலும்பின் அடர்த்தியைக் கூட்டுவதால் புளோரைடு எலும்புப்புரை நோய்க்கு மருந்தாகவும் ஆராயப்பட்டது. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் நடைபெற்று 1990 இல் வெளியான ஆய்வில், சோடியம் புளோரைடு பெற்றோரின் முதுகெலும்பு அடர்த்தி சுமார் 35 விழுக்காடு கூடியது. ஆயினும் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பிற எலும்புகளின் முறிவுகள் அதிகரித்தன.

தடுப்பு

முற்றிய நோயை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆகவே தூய நீர் வழங்கலே முதன்மையான தீர்வாகும். நீரைக் காய்ச்சுவதால் புளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடைப் படியச்செய்யும் நல்கொண்டா முறையை, நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது.

இந்திய அரசின் தேசியப் புளோரோசிஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுத் திட்டம் 2008-09 இல் தொடங்கப்பட்டது. காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்ட இத்திட்டம் 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது.