லயத்து இஸ்தோப்பின் படங்கு

இலங்கையின் மலைநாட்டுச் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும், 1869 இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பித் தோட்டங்களைப் பாழாக்கியதையும், புகையிரதம் 1884 இல் ஹட்டனையும் மறு ஆண்டில் நானுஓயாவையும் எட்டியதையும் விஸ்தாரமாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தேயிலையின் கொழுந்தைக் கிள்ளிய பெண்கள், மாலையில் தங்கள் குடியிருப்பு வரிசையான லயத்துக்குத் திரும்பியபின், கிழிந்த சாக்கையும் நைந்த கம்பளியையும் சேர்த்துத் தைத்துத் தங்கள் வாசலில் கட்டிய படங்குகளைப் பற்றி அதிகம் பேசினாரில்லை. அந்தப் படங்கும் ஒரு சரித்திர சாட்சியமே என்பது என் திடமான அபிப்பிராயம்.

சமவெளியில் படங்கு கட்டுவது பெரும்பாலும் வெயிலுக்கு. மலையிலோ அது சாரலுக்கும் குளிர்காற்றுக்கும் கட்டப்படுவது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் பனியையும், ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளையின் ஈரத்தையும் அறிந்தவர்களுக்கு, வைகாசி தொடங்கி வீசும் தென்மேற்குப் பருவக்காற்றில் மழை மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில் வந்து அடிப்பதே அதிகம் என்பது தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா என்னும் அறை, அதன் முன்னே இஸ்தோப்பு என்னும் திறந்த தாழ்வாரம், மேலே தகரம் என்று வரிசையாகக் கட்டப்பட்ட லயங்களில், அடுப்பும் விறகும் பல குடும்பங்களுக்கு அந்த இஸ்தோப்பிலேயே இருந்தபடியால், ஒரு நல்ல சாரல் அடித்தால் அன்றைய சோறு வேகாது. சுவரையும் கூரையையும் தோட்டத்து நிர்வாகம் கட்டிக் கொடுத்தது. காற்றுக்கும் மழைக்கும் மறைப்பு ஏற்படுத்திக்கொள்வது குடியிருந்தவர்களின் பாடாயிற்று.

அந்த மறைப்புக்கான சாமக்கிரியை அதற்கென்றே விலை கொடுத்து வாங்கப்பட்டதன்று. கம்பளியும் அரிசியும் தோட்டத்தில் கொடுக்கப்பட்டு, அவற்றின் கிரயம் கூலியில் பிடித்துக்கொள்ளப்பட்டது. மழையில் கொழுந்தெடுக்கும்போது தலையில் கொங்காணியாகவும் இரவில் போர்வையாகவும் உழைத்துத் தேய்ந்த கம்பளி, கடைசியில் வாசலுக்கு வந்தது. சாக்கோ, கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் 1855 இல் சணல் ஆலை ஏற்பட்டபின் பெருகி, அரிசியைச் சுமந்துகொண்டு கடல் கடந்து மலையேறியது. அரிசி தீர்ந்ததும் சாக்கு வீட்டின் சொத்து.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கிடைத்தால் வேலை ஆரம்பமாகும். முதலில் சாக்கைப் பிரிப்பதிலேயே ஒரு நிதானம் வேண்டும். தையலின் சரியான முனையைக் கண்டு இழுத்தால் நூல் அறாமல் கழன்று வரும், அந்த நூலே மறுபடி தைப்பதற்கு ஆகும். சிங்கர் தையல் இயந்திரம் 1877 லேயே இலங்கைக்கு வந்துவிட்டதென்றாலும், இரண்டு மடிப்புச் சாக்கின் தடிப்பில் வீட்டு இயந்திரத்தின் மெல்லிய ஊசி முறிந்துபோகுமாதலால், இந்த வேலைக்குக் கோணி ஊசியும் கையுமே கதி. பிரித்த சாக்குகளை இணைக்கும்போது மேல்துண்டின் விளிம்பு கீழ்த்துண்டின்மேல் வெளிப்புறமாகப் படியும்படி தைப்பார்கள். மாற்றித் தைத்தால் மழைநீர் மடிப்புக்குள் தங்கித் துணி உளுத்துவிடும். மேல் ஓரத்தை மடித்து அதற்குள் கயிற்றை ஓடவிட்டால் பாரம் முழுவதையும் கயிறு ஏற்கும். கீழ்முனைகளில் துளையிடாமல், உருண்டைக் கல் ஒன்றைத் துணிக்குள் வைத்து வெளியே கழுத்துப்போல் இறுக்கிக் கட்டி, அங்கிருந்து கயிற்றைத் தூணுக்கு இழுப்பார்கள். காற்று எவ்வளவு உதறினாலும் துணி கிழிவதில்லை. ஒட்டுப் போடுவதிலும் ஒரு சாஸ்திரம் உண்டு: ஓட்டையின் அளவுக்கு ஒட்டு வெட்டினால் நைந்த இழையில் தையல் நிற்காது, நல்ல இழை அகப்படும் தூரம்வரை ஒட்டு விரிந்திருக்க வேண்டும். பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கைப்பழக்கமாகவே வந்த வித்தை இது.

பிற்காலத்தில் உரம் வந்த பிளாஸ்டிக் இழைப் பைகள் சணலின் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டன. அவை ஈரத்தில் உளுத்துப்போவதில்லை. ஆனால் வெட்டிய ஓரம் உதிரும் என்பதால், மெழுகுவர்த்திச் சுடரில் விளிம்பை இலேசாக உருக்கிக்கொண்டு தைக்கும் புதிய வழக்கம் தோன்றியது. வெயில் பட்டுப் பொடிந்து நொறுங்குவது அவற்றின் பெருங்குறை.

1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் போயிற்று. உடைமையோ நிர்வாகமோ மாறிய ஒவ்வொரு முறையும் லயங்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. இன்றும் ஒழுகும் தகரத்தின்மேல் தறப்பாளை விரித்துக் கல் ஏற்றிவைத்திருக்கும் லயங்களைக் காணலாம். ஒரு வீட்டுக்கு வேண்டிய முழுமையை, கூலி பெறாத உழைப்பினால் பெண்களே நிறைவேற்றி வந்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தப் படங்குகளைவிடத் தெளிவான ருசு வேண்டியதில்லை.

கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், லயத்து அறைகளிலேயே தேயிலைத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. லயத்தை விட்டுப் புது வீட்டுக்குக் குடிபோகும் குடும்பங்கள், கைத்தையலுள்ள பழைய படங்கு வீட்டில் கிடந்தால் அதை அடுப்பில் இடாமல், தைத்தவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதி, அத்துடன் அங்கே ஒப்படைக்க வேண்டுகிறேன்.